விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

கல்லூரியில் சேரும் பிள்ளைக்குக் கணினி வாங்கித் தருவது, கிராமப்புறக் குடும்பங்களிலும் இன்று தவிர்க்க இயலாத செலவாகிவிட்டது. உத்திரமேரூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் நெல் விற்ற பணமோ, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவரின் சம்பளமோ இதற்கு ஒதுக்கப்படுகிறது. அண்மைக் காலமாக இந்தச் செலவின் அளவு மாறி வருகிறது. பிள்ளைகள் கேட்பது சாதாரணக் கணினியை அல்ல. விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் அட்டை பொருத்திய 'கேமிங்' கணினியை. படிப்புக்கும் ஆகும், விளையாட்டுக்கும் ஆகும் என்பது அவர்கள் முன்வைக்கும் வாதம். தந்தை தவணைப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார்.

விளையாட்டுக்கென்றே உருவாக்கப்பட்ட கருவிகளும் சந்தையில் உள்ளன. சோனியின் பிளேஸ்டேஷன், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் போன்ற இவை கன்சோல் எனப்படுகின்றன. இரண்டில் எது சிறந்தது என்பது இளைஞர்களிடையே ஓயாத விவாதம். குடும்பத்தைப் பொறுத்தவரை இது ஒரு பொருளாதாரக் கேள்வி. அதற்கான விடை விலைச்சீட்டில் முழுமையாக இல்லை.

முதலில் கன்சோலின் கணக்கைப் பார்ப்போம். 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் அறிமுகமானபோது அதன் விலை 49,990 ரூபாய். 2022 நவம்பரில் 54,990 ஆயிற்று. இந்த விலையில் கருவியை விற்பதால் நிறுவனத்துக்குப் பெரும் லாபமில்லை. விளையாட்டுகளின் விற்பனையில் கிடைக்கும் பங்கும் மாதச் சந்தாவுமே அதன் வருவாய். சவரக் கத்தியின் கைப்பிடியை மலிவாகக் கொடுத்துவிட்டு, அலகுகளில் லாபம் பார்க்கும் பழைய வணிக உத்திதான் இது. அதனால்தான் பெரிய நிறுவனங்களின் புதிய விளையாட்டு ஒன்று 4,999 ரூபாய்க்கு விற்கப்பட்டது. விலை கொடுத்து வாங்கிய பெரும்பாலான விளையாட்டுகளை இணையத்தில் பிறருடன் ஆடுவதற்குத் தனிச் சந்தாவும் கட்ட வேண்டும்.

கணினியின் கணக்கு இதற்கு நேர்மாறானது. கருவியின் விலை அதிகம். விளையாட்டுகளின் விலை குறைவு. ஸ்டீம் என்னும் இணைய விற்பனைத் தளம் 2015 நவம்பர் முதல் ரூபாயிலேயே விலை குறித்து விற்கிறது. பண்டிகைக் காலத் தள்ளுபடிகளில் பழைய விளையாட்டுகள் மிக மலிவாகக் கிடைக்கின்றன. சந்தா இல்லாமலேயே இணையத்தில் ஆடலாம். ஓர் எடுத்துக்காட்டுக்காக, கணினி 30,000 ரூபாய் கூடுதல் விலை என்றும், ஒவ்வொரு விளையாட்டிலும் 2,000 ரூபாய் மிச்சமாகிறது என்றும் கொள்வோம். பதினைந்து விளையாட்டுகளை வாங்கிய பிறகே இரண்டும் சமநிலைக்கு வரும். ஆண்டுக்கு இரண்டு, மூன்று விளையாட்டுகள் வாங்கும் ஒருவருக்கு அதற்குள் கருவியே பழையதாகிவிடும்.

இதுவரை சொன்னது பணக் கணக்கு. பணமாக எழுதப்படாத செலவுகளும் உண்டு. ரொனால்ட் கோஸ் என்ற பொருளியலாளர் 1937-இல் ஒரு எளிய கேள்வியை எழுப்பினார்: சந்தையிலேயே எல்லாவற்றையும் வாங்க முடியும்போது நிறுவனங்கள் ஏன் தோன்றுகின்றன? தேடுவது, பேரம் பேசுவது, ஒப்பந்தம் செய்வது ஆகியவற்றுக்கும் செலவு உண்டு. அந்தச் செலவை மிச்சப்படுத்தவே நிறுவனங்கள் உருவாகின்றன என்பது அவர் கண்ட விடை. கன்சோல் வாங்குபவர் ஒரே நிறுவனத்துடன் உறவு வைத்துக்கொள்கிறார். கணினியைப் பாகம் பாகமாகத் தேர்ந்து சேர்ப்பவரோ, செயலி, கிராஃபிக்ஸ் அட்டை, நினைவகம், மின்வழங்கி, இயங்குதளம், விளையாட்டு என அரை டஜன் நிறுவனங்களைத் தாமே ஒருங்கிணைக்க வேண்டியிருக்கிறது. திரை உறைந்து நின்றால் குற்றம் யாருடையது? அட்டை செய்தவர் மென்பொருளைக் காட்டுவார். மென்பொருள் எழுதியவர் இயங்குதளத்தைக் காட்டுவார். நிறுவனம் ஏற்க வேண்டிய சோதனைச் செலவும் அலைச்சலும் வாங்கியவர் தலையில் விழுகின்றன.

இதற்குச் சான்றுகள் உள்ளன. 2015 ஜூனில் வெளியான 'பேட்மேன்: ஆர்க்கம் நைட்' விளையாட்டின் கணினிப் பதிப்பு மிக மோசமாக இயங்கியதால், அதன் விற்பனை உடனே நிறுத்தப்பட்டு அக்டோபர் இறுதியில்தான் மீண்டும் தொடங்கியது. 2023 மார்ச்சில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' முதற்பாகத்தின் கணினிப் பதிப்பும் இதே வகைப் புகார்களுக்கு உள்ளானது. கன்சோல்கள் குறையற்றவை என்று சொல்வதற்கில்லை. 2020 டிசம்பரில் வெளியான 'சைபர்பங்க் 2077' விளையாட்டைச் சோனி ஒரே வாரத்தில் தன் கடையிலிருந்து நீக்கியது. ஆயினும் அங்கே பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பைக் கடையை நடத்தும் நிறுவனமே ஏற்றது.

நகரத்தில் இருப்பவருக்கு இவை தொந்தரவுகள். சிற்றூரில் இருப்பவருக்கு இவை செலவுகள். அட்டை பழுதானால் சென்னை ரிச்சி தெருவுக்கோ சேவை மையத்துக்கோ போய்வர ஒரு நாள் கூலி போகும். பேருந்துக் கட்டணமும் சேரும். கழற்றி எடுத்த பாகம் திரும்பி வரும்வரை கணினி முடங்கிக் கிடக்கும். படிப்புக்கும் அதே கணினி என்றால் படிப்பும் முடங்கும். மின்னழுத்த ஏற்ற இறக்கத்துக்கு அஞ்சி யுபிஎஸ் வாங்க வேண்டும். 400 வாட் இழுக்கும் கணினியில் நாளுக்கு மூன்று மணி நேரம் ஆடினால், இரண்டு மாதத்தில் 72 யூனிட் செலவாகும். வீடுகளுக்கு அரசு வழங்கும் 100 இலவச யூனிட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு இதிலேயே கரைந்துவிடும். 200 வாட் கன்சோலுக்கு இதில் பாதி.

இணையமும் அப்படித்தான். 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' விளையாட்டின் கணினிப் பதிப்புக்கு 150 ஜிபி இடம் தேவை. நாளுக்கு 2 ஜிபி தரும் கைப்பேசித் திட்டத்தில் அவ்வளவையும் இறக்க 75 நாள் ஆகும். கன்சோலில் வட்டு வாங்கும் வழி இன்னும் இருக்கிறது. ஆடி முடித்த வட்டை நண்பருக்குக் கொடுக்கலாம், பாதி விலைக்கு விற்கலாம். கணினியில் வாங்குவது பெரும்பாலும் பயன்பாட்டு உரிமம் மட்டுமே. அதை மறுவிற்பனை செய்ய இயலாது.

வரியும் இந்தக் கணக்கில் தலையிடுகிறது. இரண்டுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். கன்சோலுக்கு இருந்த 28 சதவீதம் 2019 ஜனவரியில் குறைக்கப்பட்டது. சுங்கத்தில்தான் வேறுபாடு. உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தப்படி கணினிகளுக்கு இந்தியா சுங்க வரியை நீக்கியது. கன்சோல்களையும் உள்ளடக்கிய 2015-ஆம் ஆண்டு விரிவாக்கத்தில் நாம் சேரவில்லை. மற்ற நாடுகளில் கன்சோலுக்கு இருக்கும் விலைச் சாதகம் இங்கே சுருங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது புதிதாக ஒரு நெருக்கடியும் சேர்ந்துள்ளது. உலகின் நினைவகச் சில்லுகளில் பெரும்பகுதியைச் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களே தயாரிக்கின்றன. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவை பெருகியதும் அவற்றின் உற்பத்தி அந்தப் பக்கம் திரும்பியது. நுகர்வோருக்கு நேரடியாக நினைவகம் விற்கும் தன் 'குரூஷியல்' வணிகத்திலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது. சில மாதங்களிலேயே சில்லறை விலை இரு மடங்கைத் தாண்டியது. டெல் நிறுவனம் 2007 முதல் கணினிகளை இணைத்துத் தருவது நமது காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூரில்தான். எனினும் விலையைத் தீர்மானிக்கும் சில்லுகள் கடல் கடந்து வருகின்றன. பக்கத்து ஊரில் தயாராகும் பொருளின் விலைகூட நம் கையில் இல்லை. கன்சோல்களும் இதிலிருந்து தப்ப இயலாது. ஆண்டுகள் செல்லச் செல்ல அவற்றின் விலை இறங்கிய காலம் முடிந்துவிட்டது.

இத்தனைக்கும் மேலே தவணை இருக்கிறது. 'வட்டியில்லாத் தவணை' என்ற விளம்பரத்தை நம்பிப் பலர் கையெழுத்திடுகிறார்கள். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று இல்லை என்பதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குத் தெளிவுபடுத்திவிட்டது. கிடைத்திருக்க வேண்டிய தள்ளுபடியை இழப்பதிலோ செயலாக்கக் கட்டணத்திலோ அந்த வட்டி மறைந்திருக்கும்.

அப்படியானால் குடும்பங்கள் செய்ய வேண்டியது என்ன? படிப்பையும் விளையாட்டையும் தனித்தனிக் கணக்காகப் பிரிக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2026 ஜனவரியில் தொடங்கியுள்ளது. படிப்புக்கான கருவி அரசிடமிருந்தே கிடைத்துவிட்ட வீட்டில், கேமிங் கணினியின் முழு விலையையும் விளையாட்டின் பெயரில்தான் எழுத வேண்டும். அப்படி எழுதினால், பயன்படுத்திய கன்சோல் ஒன்றே அநேகக் குடும்பங்களுக்குப் போதுமானது என்பது விளங்கும். அசைவூட்டம், காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வடிவமைப்பு பயிலும் மாணவருக்குக் கிராஃபிக்ஸ் அட்டை மூலதனப் பொருள். அவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. விளையாட்டே வேண்டாம் என்பதும் என் வாதமல்ல; வயல் வேலையும் தேர்வும் முடிந்த பின் ஒரு பிள்ளை மகிழ்ந்து ஆடுவதற்கும் மதிப்பு உண்டு. அந்த மதிப்புக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

அரசுக்கும் பொறுப்பு உண்டு. பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தை மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் தொடங்கியது. அடுத்த படியாக, பழுதுபார்ப்பதற்கு எவ்வளவு எளிது, மென்பொருள் ஆதரவு எத்தனை ஆண்டு, அருகிலுள்ள சேவை மையம் எது ஆகியவற்றைக் கணினிப் பெட்டியின் மீதே அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தபோது, புதிய பதிப்புக்கு மாற இயலாத பழைய கணினிகளை வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கெடு வாங்கிய நாளில் தெரியாது. வட்டத் தலைநகர்தோறும் அங்கீகரிக்கப்பட்ட பழுதுநீக்க மையம் இருந்தால், தொழிற்பயிற்சி முடித்த இளைஞர்கள் சிலருக்கு வேலையும் கிடைக்கும்.

ஊர்ப் பணத்தைக் கையாண்டு கணக்குக் காட்டாதவர் வாரியப் பொறுப்புக்குத் தகுதியற்றவர் என்று பராந்தக சோழன் காலத்திலேயே கல்லில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஊரில் ஒரு குடும்பம், முழுக் கணக்கு காட்டப்படாத ஒரு பொருளுக்காக இரண்டாண்டுக் கடனில் இறங்குகிறது. விற்பவர் கணக்கைக் காட்டும் வரை, வாங்குபவர்தான் அதை எழுதிப் பார்த்தாக வேண்டும்.