டென்ட் வாங்குறதுக்கு முன்னாடி டயரைப் பாருங்க



நம்ம சேனல் பார்க்கிற தம்பி ஒருத்தர் மெயில் அனுப்பியிருந்தார். சென்னையில வேலை, கைக்கு வர்ற சம்பளம் 34,000 ரூபாய். ஃப்ரெண்ட்ஸோட பைக்ல கேம்பிங் போகணும்னு ஆசை. டென்ட், ஸ்லீப்பிங் பேக், சேடில் பேக், ஆக்‌ஷன் கேமரான்னு ஒரு லிஸ்ட் போட்டு, "மொத்தம் 50,000 வருது அண்ணா, நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கு, வாங்கலாமா?"ன்னு கேட்டிருந்தார்.

தம்பி, ட்ரிப்புக்குத் தாராளமா போங்க. அந்த லிஸ்ட்டை மட்டும் கிழிச்சுப் போடுங்க. இதுதான் என் கருத்து. ஏன்னா அதே லிஸ்ட்டை நான் ஏற்கெனவே வாங்கிட்டேன்.

என் கதை

எனக்கு அப்போ 26 வயசு. டென்ட் 9,000, ஸ்லீப்பிங் பேக் 4,500, மேட் 2,000, சேடில் பேக் 7,500, அடுப்பும் சமையல் சாமானும் 4,000, ஆக்‌ஷன் கேமரா 25,000. மொத்தம் 52,000 ரூபாய். பன்னிரண்டு மாச இஎம்ஐ, மாசம் நாலாயிரத்துச் சொச்சம். 'நோ காஸ்ட்'னு பேருதான். ப்ராசஸிங் ஃபீ, அதுக்கு ஜிஎஸ்டி, வட்டி மேல 18% ஜிஎஸ்டி எல்லாம் ஸ்டேட்மென்ட்ல சத்தம் போடாம வந்து உட்கார்ந்துச்சு.

முதல் ட்ரிப் கொல்லிமலை. நானும் என் ரூம்மேட்டும் ஒரே பைக்ல. அவன் பழைய கம்பெனில பேப்பர் போட்டு கடைசி நாளும் முடிஞ்சிருந்துச்சு. புது கம்பெனில சேர இன்னும் ரெண்டு வாரம். "இப்ப விட்டா எப்ப மச்சான் லீவு கிடைக்கும்?"னு கிளம்பிட்டோம். காரவள்ளி பக்கமிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஒருத்தர் தோட்டத்துல காசு கொடுத்து டென்ட் போட்டோம். ரெண்டு ராத்திரியும் அருமையா இருந்துச்சு, அதை மறுக்கவே மாட்டேன்.

இறங்கும்போது லேசான தூறல். ஒரு வளைவுல பின் டயர் வழுக்கிடுச்சு. எனக்கு முட்டியில சிராய்ப்பு. அவன் வலது கையை ஊன்றி விழுந்தான், மணிக்கட்டு எலும்பு முறிஞ்சிடுச்சு. பிளேட் வைக்கணும்னு சொல்லிட்டாங்க.

டயர் தேய்ஞ்சிருந்தது எனக்கு முன்னாடியே தெரியும். சர்வீஸ்ல சொன்னாங்க, மாத்த 2,600 ரூபாய் ஆகும்னு. "இஎம்ஐ போகுது, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்"னு நான்தான் தள்ளிப் போட்டேன். 25,000 ரூபாய் கேமரா ஹெல்மெட்ல இருக்கு, 2,600 ரூபாய் டயர் இல்ல.

ஆஸ்பத்திரி பில் 72,000. அவனோட பழைய கம்பெனி இன்ஷூரன்ஸ் கடைசி வேலை நாளோட முடிஞ்சு போச்சு, புதுசு இன்னும் ஆரம்பிக்கல. பைக் ரிப்பேர் 11,000. என் பாலிசியில டேமேஜ் கவர் எப்பவோ காலாவதி ஆயிருந்தது. அன்னைக்கு என் அக்கவுன்ட்ல இருந்தது 9,000 ரூபாய்.

ஊர்ல அம்மா கையில இருந்த ரெண்டு வளையலைக் கழட்டி அடகு வச்சுப் பணம் அனுப்பினாங்க. ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். அதை மீட்க எனக்குப் பதினாலு மாசம் ஆச்சு. அந்தப் பதினாலு மாசமும் வீடியோ காலில் அவங்க கையைப் பார்க்காமப் பேசக் கத்துக்கிட்டேன்.

ஒரு ராத்திரிக்கு 13,000 ரூபாய்

இப்ப கணக்குக்கு வருவோம். ரெண்டு வருஷத்துல அந்த டென்ட்ல நான் படுத்தது மொத்தம் நாலு ராத்திரி. 52,000-ஐ நாலால வகுத்துப் பாருங்க. ஒரு ராத்திரிக்கு 13,000. அந்தக் காசுக்கு மலை மேல நல்ல ரிசார்ட்ல, காலை டிபனோட தங்கியிருக்கலாம்!

கேம்பிங் சிக்கனமான பொழுதுபோக்குதான், அடிக்கடி போறவங்களுக்கு. வருஷத்துக்கு ரெண்டு தடவை போறவங்களுக்கு, சொந்த சாமான் வாங்கினா அதைவிட விலை ஏறின பொழுதுபோக்கு கிடையாது. அதனால நான் எனக்கே வச்சிருக்கிற ரூல்: முதல் மூணு ட்ரிப்புக்கு டென்ட், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் வாடகை, இல்லைன்னா கடன் வாங்கினது. நாலாவது ட்ரிப்புக்கும் ஆசை குறையலைன்னா வாங்கலாம், அதுவும் கையில காசு வச்சுக்கிட்டு. டென்ட் செகண்ட் ஹேண்ட்லயே நல்லா கிடைக்கும். என்னை மாதிரி ஆளுங்க விக்கிறதுதான் அது!

செலவுக்கு ஒரு வரிசை இருக்கு

பெரும்பாலான பேக்கிங் வீடியோ டென்ட்ல ஆரம்பிக்கும். நான் சொல்ற வரிசை வேற.

முதல்ல உடம்பு. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட், ஓட்டுறவருக்கும் பின்னாடி உட்கார்றவருக்கும். இதை மட்டும் செகண்ட் ஹேண்ட்ல வாங்காதீங்க. ஒரு தடவை அடிபட்ட ஹெல்மெட் வெளியில பளபளன்னு இருந்தாலும் உள்ளே நொறுங்கியிருக்கலாம். அப்புறம் கிளவுஸ், கணுக்காலை மூடுற ஷூ.

ரெண்டாவது வண்டி. டயர் பள்ளத்துக்குள்ள தேய்மானத்தைக் காட்ட சின்ன மேடு இருக்கும். ரப்பர் அந்த மட்டத்துக்கு வந்துட்டா டயர் முடிஞ்சுதுன்னு அர்த்தம். டயர் பக்கவாட்டுல இருக்கிற நாலு இலக்கத்தையும் பாருங்க. 2319-னு இருந்தா 2019-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். பிரேக் பேட், செயின், லைட் எல்லாத்தையும் கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே சரி பண்ணுங்க. முந்தின நாள் ராத்திரி வேண்டாம்.

மூணாவது பேப்பர். இதைத்தான் யாரும் பேக் பண்றதில்ல. புது பைக்குக்கு 2018 செப்டம்பர்லேர்ந்து தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸை அஞ்சு வருஷத்துக்குச் சேர்த்தே எடுக்கச் சொன்னாங்க. ஆனா உங்க வண்டிக்கு ஆகுற சேதத்துக்கான கவர் பல பாலிசியில ஒரே வருஷம்தான். "அஞ்சு வருஷம் இன்ஷூரன்ஸ் இருக்கு"ன்னு நினைச்சுக்கிட்டு ஓட்டுறவங்கள்ல எத்தனையோ பேருக்கு அது முடிஞ்சிருக்கும். இன்னைக்கே பாலிசியை எடுத்துத் தேதியைப் பாருங்க.

அடுத்தது, கட்டாய விபத்துக் காப்பீடு 15 லட்சம்னு சொல்றாங்களே, அது வண்டி ஓனருக்கு. ஆர்சி அப்பா பேர்ல இருக்கு, ஓட்டுறது நீங்கன்னா அதை நம்பிக் கிளம்பாதீங்க. உங்க பேர்ல தனியா ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துக்கோங்க. பின்னாடி உட்கார்ற நண்பரும் அப்படியே. வேலை மாறும்போது நடுவுல ட்ரிப் போறவங்க, சொந்த ஹெல்த் இன்ஷூரன்ஸ் இல்லாம வண்டியை எடுக்கவே எடுக்காதீங்க. நான் பட்டது போதும்.

நாலாவதுதான் தூக்கம், அதாவது டென்ட் வகையறா. கேமரா இந்த லிஸ்ட்லயே இல்ல. போன் போதும்.

பையில என்ன?

எடையும் காசு மாதிரிதான், கணக்கு இல்லாம ஏத்தக் கூடாது. மேனுவல்ல வண்டி தாங்குற எடை போட்டிருக்கும். அது உங்க எடை, பின்னாடி உட்கார்றவர் எடை எல்லாம் சேர்த்துத்தான். ரெண்டு பேர் ஏறினாலே பெரும்பகுதி போயிடும். அதனால கேம்பிங்னா ஆளுக்கு ஒரு பைக் நல்லது.

கனமான சாமான் கீழே, வண்டியின் நடுப்பகுதிக்குக் கிட்ட. சேடில் பேக் ரெண்டு பக்கமும் ஒரே எடை. லேசான ஸ்லீப்பிங் பேக் மேலே. கேரியருக்குப் பின்னாடி கனத்தைத் தொங்கவிட்டா முன் சக்கரம் லேசாகிடும், வளைவுல அது காலை வாரும். லோடு ஏத்தினா பின் டயருக்குக் காத்து எவ்வளவுன்னு மேனுவல்ல பார்த்து அடிங்க. ரெயின்கோட், பஞ்சர் கிட், முதலுதவி, டார்ச் நாலும் மேலாக, சட்டுன்னு எடுக்கிற மாதிரி இருக்கணும். மழையில மொத்த பையையும் பிரிச்சுப் பார்த்தவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

எங்க டென்ட் போடுறீங்கங்கிறதும் முக்கியம். காப்புக்காடு உள்ளே அனுமதி இல்லாம நுழையறது குற்றம். 2018 மார்ச்ல தேனி குரங்கணி காட்டுத் தீயில ட்ரெக்கிங் போனவங்க 20 பேருக்கு மேல உயிரிழந்ததை மறந்துடாதீங்க. தனியார் இடத்துல, ஓனர் அனுமதியோட போடுங்க. ஊட்டி, கொடைக்கானல் பக்கம்னா இ-பாஸ் விதியையும் பார்த்துட்டுக் கிளம்புங்க.

மொத்தம் எவ்வளவு?

சென்னை-கொல்லிமலை, சுத்தினது எல்லாம் சேர்த்து 850 கிலோமீட்டர்னு வச்சுக்கலாம். மைலேஜ் 40, பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய்னா ஏறக்குறைய 2,150. மூணு நாள் சாப்பாடு 1,800. ரெண்டு ராத்திரி இடத்துக்கு 1,000. டென்ட், பேக் வாடகை 1,200. கிளம்பும் முன்னாடி சர்வீஸ் 1,500. ஆக மொத்தம் 7,650. அவசரத்துக்கு 2,000 தனியா வச்சாலும் பத்தாயிரத்துக்குள்ள அடங்கிடும்.

மாசம் 1,700 ரூபாய் ஆர்டி, ஆறு மாசம். கையில 10,200. இஎம்ஐ இல்ல, கிரெடிட் கார்டு இல்ல. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடவும் வேணாம்.

"எல்லாத்துக்கும் கணக்குப் பார்த்தா எப்ப அண்ணா வாழ்றது?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். இருபத்தஞ்சு வயசுல மலை மேல படுத்து நட்சத்திரம் பார்க்கிற சுகம் அம்பது வயசுல வராது. அதனாலதான் போகாதீங்கன்னு நான் சொல்லவே இல்ல. ஆனா அந்த நட்சத்திரம் வாடகை டென்ட்ல இருந்து பார்த்தாலும் அதே நட்சத்திரம்தான். தப்பு நடந்தா பில் கட்டப் போறது யாருன்னு மட்டும் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. என் விஷயத்துல அது அம்மா.

ரூம்மேட் கை சரியாயிடுச்சு. புது கம்பெனில சேர்ற தேதியை ஒரு மாசம் தள்ளி வாங்கி, அப்புறம் சேர்ந்தான். இப்பவும் நாங்க ரெண்டு பேரும் ட்ரிப் போறோம், ஆளுக்கு ஒரு பைக்ல. கிளம்பும் முன்னாடி அவன் என் வண்டி டயரைக் குனிஞ்சு பார்ப்பான். ஒண்ணும் சொல்ல மாட்டான். பார்த்துட்டு ஹெல்மெட்டை மாட்டுவான்.

மெயில் அனுப்பின தம்பி, நீங்களும் முதல்ல குனிஞ்சு பாருங்க. லிஸ்ட்டை அப்புறம் பேசலாம்.