திறவுகோல் யார் கையில்?

புனே விமான் நகரில் பயிற்சிக்கென வந்து தங்கியிருக்கும் நம்மவர் நாலுபேர் கூடினால், பேச்சு கணிப்பொறியில் வந்துதான் நிற்கும். அண்மையில் நண்பரொருவர், "ஏஎஸ்/400-இன் தரவுத்தளத்தை விண்டோஸ் கணிப்பொறியோடு இணைப்பது அரைமணி நேர வேலை" என்றார். மெய்தான். அந்த அரைமணியில் எதையெதைத் திறந்துவிடுகிறோம் என்பதை அவர் எண்ணிப் பார்த்தாரா என்பதே என் ஐயம்.

ஏஎஸ்/400 என்பது ஐ.பி.எம். நிறுவனம் 1988-இல் வெளியிட்ட நடுத்தரக் கணிப்பொறி. அதன் வழிவந்த ஐபிஎம் ஐ இன்றும் உழைக்கிறது. தரவுத்தளம் இயக்க முறைமைக்குள்ளேயே அமைந்திருப்பது இதன் தனிச்சிறப்பு. அந்நாளில் ஊழியர் பச்சை எழுத்துத் திரைமுன் அமர்வார். பட்டியலில் தமக்குரிய எண்ணை அழுத்துவார். பிற அவர் கண்ணிலேயே படா. பல அலுவலகங்களில் அப்பட்டியல்தான் காவற்காரன். கோப்புகளுக்கெனத் தனிக்காவல் போடவேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை.

1992-இல் மைக்ரோசாஃப்ட் ஓடிபிசி என்னும் பொதுவழியைக் கொணர்ந்தது. எக்செல், ஆக்சஸ் போன்றவை அவ்வழியே நேராகக் கோப்பிடம் போய்விடும். பட்டியல் குறுக்கே வாராது! பழைய பெயர், பழைய கடவுச்சொல் போதும். சம்பளக் கோப்பைப் படிக்கலாம், உரிமையிருந்தால் திருத்தவும் செய்யலாம். உரிமை இல்லாமலா போகும்? புதிதாக ஆக்கப்படும் கோப்பின் விவரங்களை எவரும் மாற்றலாம் என்பதே அம்முறைமை வரும்போதே கொண்டுவரும் ஏற்பாடு. நிர்வாகி கைவைத்தாலொழிய அது அப்படியே கிடக்கும்.

"இணைப்பில் 'படிக்க மட்டும்' என்று குறித்துவிட்டோமே!" என்பர் சிலர். நன்று. அக்குறிப்பு இருப்பது எங்கே? பயன்படுத்துவோரின் மேசைக் கணிப்பொறியில்! பூட்டையும் திறவுகோலையும் விருந்தாளி கையில் கொடுத்துவிட்டு நாம் உறங்கப் போவதா?

இணைக்கவே கூடாதென்று நான் வாதிடவில்லை. கணக்கர் ஒருவர் திரையைப் பார்த்துப் பார்த்து எண்களை மறுபடியும் தட்டச்சிடுவது வீண் உழைப்பன்றோ? ஆனால் காவல் கோப்பினிடமே இருக்கட்டும். பொதுவுரிமையை முதலில் நீக்குக. வேண்டிய பத்திகளை மட்டும் காட்டும் 'வியூ' ஒன்றை அமைத்து, அதனைப் படிக்கும் உரிமையை மட்டும் வழங்குக. இது அரைமணியில் முடியாது. எந்தக் கோப்பை யார் தொடுகிறார் என்று ஒவ்வொன்றாய் விசாரிக்க வேண்டும். மேலாளர்க்குப் பொறுமை இராது என்பதும் தெரியும். எனினும் நாளை வங்கியிலோ ஆலையிலோ அமரப்போகும் மாணவர்க்கு இதைச் சொல்லித்தர வேண்டாமா? என் பயிற்சி ஏட்டில் இணைப்புக்கு ஒரு முழுப்பாடம் இருக்கிறது. உரிமைக்கோ ஒரு பத்தி. அந்தப் பத்தியை முதற்பாடமாக்குமாறு ஆசிரியரைக் கேட்டிருக்கிறேன்.