குழாய் மடிந்தால் கணக்கும் மடியும்

அமெரிக்காவில் புது வீடுகளைக் காற்றுக் கசிவு மிகக் குறையும்படி இறுக்கமாகக் கட்டுகிறார்கள். மின்சாரச் செலவு குறைய அது ஒரு வழி. ஆனால் அப்படி அடைத்த வீடு தானாக மூச்சுவிடாது. அதனால்தான் வீட்டுக் காற்றோட்டத்துக்கான ஆஷ்ரே 62.2 தரவிதி கணக்குப் போட்டே சொல்கிறது: 2,000 சதுர அடி, மூன்று படுக்கையறை என்றால் நிமிடத்துக்கு 90 கன அடி காற்று மாற வேண்டும். தேவைப்படும்போது மட்டும் ஓடும் குளியலறை விசிறி 50 கன அடியாவது வெளியேற்ற வேண்டும். கணக்கில் குறையில்லை. அது காகிதத்தோடு நின்றுவிடுகிறதே என்பதுதான் என் ஆதங்கம். விசிறியின் அட்டைப்பெட்டியில் 50 என்று போட்டிருக்கும். கூரைக்கு அடியில் ஏறிப் பார்த்தால் வளைகுழாய் கசங்கி, இரண்டு இடத்தில் மடிந்து, நடுவில் தொய்ந்து கிடக்கும். விசிறி இரைகிறது, காற்று போவதில்லை. குளித்து அரை மணி ஆகியும் கண்ணாடியில் நீர் வழிகிறது. மாதங்கள் போனால் கூரை மூலையில் கரும்பூஞ்சை. விசிறியின் திறனை எழுதும்போதே குழாயின் பாதையையும் வரைபடத்தில் வரையுங்கள்: குறுகிய தூரம், குறைந்த வளைவு, வழவழப்பான தகரக் குழாய். சாவியைக் கொடுக்கும் முன் விசிறியின் வாயில் காற்றை அளக்கும் கருவியை வைத்து, வந்த எண்ணை வீட்டுக்காரரிடம் எழுதிக் கொடுங்கள்.