வட்டுப் போரில் வாக்கில்லாத வாடிக்கையாளர்

2007 நவம்பர் மாதம், அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் பணிபுரியும் என் அக்கா மகன் தொலைபேசியில் ஒரு யோசனை கேட்டான். பெரிய திரைத் தொலைக்காட்சி வாங்கியிருக்கிறான். அதற்கேற்ற உயர் துல்லியப் படக்கருவி வேண்டும். எச்டி டிவிடி வாங்குவதா, ப்ளூ-ரே வாங்குவதா? எச்டி டிவிடி கருவி அங்கே 100 டாலருக்கும் குறைவாகத் தள்ளுபடியில் கிடைத்த வாரம் அது. ப்ளூ-ரேக்கு 400 டாலர் அளவில் கொடுக்க வேண்டியிருந்தது. படத்தின் தரத்தில் வேறுபாடில்லை, விலை நாலில் ஒரு பங்கு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றேன். அவனும் வாங்கினான். கூடவே பதினைந்து படங்களையும் வாங்கி அடுக்கிவிட்டான்.

2008 பிப்ரவரி 19-ம் தேதி டோக்கியோவில், தோஷிபா நிறுவனத் தலைவர் அட்சுடோஷி நிஷிதா எச்டி டிவிடி கருவிகளைக் கைவிடுவதாக அறிவித்தார். அந்த மார்ச் இறுதியுடன் எல்லாம் முடியும் என்றார். உலகெங்கும் ஏறத்தாழ 10 லட்சம் கருவிகள் விற்றிருப்பதாக அந்த நிறுவனமே கணக்குச் சொன்னது. அவற்றுள் ஒன்று என் பேச்சை நம்பி வாங்கியது. கணிப்பு எங்கே பிசகியது என்று அதன்பின் ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

தொழில்நுட்பத்தைப் பார்த்தால் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர். இவை இரண்டும் பயன்படுத்துவது 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர். அலை குறுகக் குறுகப் பதிவுகளை நெருக்கி வைக்கலாம். ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நாகமுரா 1990-களில் நீல லேசரை உருவாக்கியிராவிட்டால் இரண்டுமே பிறந்திருக்காது. வேறுபாடு ஆழத்தில்தான். எச்டி டிவிடியின் பதிவு அடுக்கு, பழைய டிவிடியைப் போலவே, மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆகவே இருக்கிற டிவிடி ஆலைகளையே சிறு மாற்றங்களுடன் பயன்படுத்தலாம். ப்ளூ-ரேயில் அந்த ஆழம் 0.1 மில்லிமீட்டர் மட்டுமே. அதனால் ஓர் அடுக்கில் 15 ஜிபிக்குப் பதிலாக 25 ஜிபி கொள்ளும். ஆனால் கீறல் படாமலிருக்கத் தனிப் பூச்சும் புதிய இயந்திரங்களும் தேவைப்படும். பார்ப்பவருக்கு இதனால் என்ன? இரண்டிலும் ஒரே படச்சுருக்க முறைகள், இரண்டிலும் 1,080 வரிகள். வார்னர் நிறுவனம் இரு வடிவங்களிலும் வெளியிட்ட ஒரே படத்தை அருகருகே ஓட்டினாலும் எது எதுவென்று கண்ணால் சொல்வது கடினம்.

ஆக, நான் தரத்தையும் விலையையும் எடைபோட்டதில் பிழையில்லை. அவை இரண்டும்தான் தீர்ப்பை எழுதும் என்று நினைத்ததே பிழை. தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது விளங்கும். 2008 ஜனவரி 4-ம் தேதி, இரு தரப்புக்கும் படம் கொடுத்துவந்த வார்னர், மே மாத இறுதியோடு எச்டி டிவிடியை விட்டுவிடுவதாக அறிவித்தது. பிப்ரவரி 11-ம் தேதி, அப்போது தபாலில் படவட்டுகளை வாடகைக்கு அனுப்பிவந்த நெட்ஃபிளிக்ஸ் ப்ளூ-ரேயின் பக்கம் சாய்ந்தது. அதே நாளில் பெஸ்ட் பை கடைகளும் சாய்ந்தன. 15-ம் தேதி வால்மார்ட். நான்காவது நாள் தோஷிபா கையை உயர்த்திவிட்டது. ஏழு வாரங்கள்கூட ஆகவில்லை. இந்தப் பட்டியலில் எங்கேனும் ஒரு வாடிக்கையாளர் தென்படுகிறாரா?

இதற்குமுன் 2007 ஆகஸ்டில் காற்று எதிர்ப்பக்கம் வீசியது. பாரமவுண்டும் ட்ரீம்வொர்க்ஸ் அனிமேஷனும் ப்ளூ-ரேயைக் கைவிட்டு எச்டி டிவிடிக்கு மட்டுமே படம் தருவதாக அறிவித்தன. அதற்கு ஈடாக 15 கோடி டாலர் மதிப்புள்ள சலுகைகள் கைமாறியதாக அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. படம் பார்ப்பவர்களுக்கு எது நல்லது என்ற விவாதம் அன்றும் நடக்கவில்லை.

வாடிக்கையாளருக்குப் பங்கே இல்லை என்று அடித்துச் சொல்வதும் மிகை. சோனி தன் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிக்குள்ளேயே ப்ளூ-ரேயை வைத்து 2006 நவம்பர் முதல் விற்றது. 2007 முடிவதற்குள் ஏறத்தாழ ஒரு கோடி கருவிகள் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டன. மைக்ரோசாப்டோ தன் எக்ஸ்பாக்ஸுக்கு எச்டி டிவிடியைத் தனிப் பெட்டியாக 199 டாலர் விலை வைத்து விற்றது. விரும்பியவர் மட்டும் வாங்கினர். விளையாட வாங்கிய பிள்ளைகள் தாங்கள் ஒரு தேர்தலில் வாக்களிப்பதை அறியாமலே வாக்களித்தார்கள். பெரும்பான்மையோர் எதையும் வாங்காமல் டிவிடியோடு காத்திருந்தார்கள். வார்னரை முடிவெடுக்கத் தள்ளியதில் அந்தக் காத்திருப்புக்கும் பங்குண்டு.

இந்தச் சண்டையை நடக்கவிடாமலே தடுத்திருக்க முடியும். அதற்கு முன்மாதிரியும் இருந்தது. 1990-களின் நடுவில் டிவிடி உருவானபோது, தோஷிபாவும் டைம் வார்னரும் ஒரு வட்டை முன்வைத்தன. சோனியும் பிலிப்ஸும் இன்னொன்றை முன்வைத்தன. அப்போது ஐபிஎம் முன்னிற்க, கணினி நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து, நீங்கள் ஒரே வடிவத்துக்கு வராதவரை இரண்டையும் தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டன. 1995-ல் உடன்பாடு ஏற்பட்டது. தோஷிபாவின் கட்டமைப்பும் எதிரணியின் பதிவு முறையும் சேர்ந்ததுதான் நாம் இன்று பயன்படுத்தும் டிவிடி. வாங்குபவர்கள் ஒரே குரலில் மறுத்ததால் வந்த சமாதானம் அது. அந்த வாங்குபவர்கள் பெரிய நிறுவனங்களாக இருந்ததால் குரல் எடுபட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2005-ல் சோனியும் தோஷிபாவும் மீண்டும் பேசிப் பார்த்தன. 0.1 மில்லிமீட்டரா 0.6 மில்லிமீட்டரா என்ற இடத்தில் பேச்சு முறிந்தது. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு வட்டுக்கும் யாருக்குக் காப்புரிமைக் கட்டணம் போகும் என்பது அந்த அரை மில்லிமீட்டரில்தான் அடங்கியிருந்தது. பத்தாண்டுகளுக்கு முன் நடுவராக நின்ற கணினித் துறை இம்முறை அணி பிரிந்தது. மைக்ரோசாப்டும் இன்டெலும் எச்டி டிவிடியின் பக்கம் நின்றன. ஆப்பிளும் டெல்லும் ப்ளூ-ரேயின் பக்கம். மறுத்துச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று.

சோனியின் பழைய கதையையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1975-ல் அது கொண்டுவந்த பீட்டாமேக்ஸ், அடுத்த ஆண்டு ஜேவிசி கொண்டுவந்த விஎச்எஸ்ஸிடம் தோற்றது. 1980-களில் நம் தெருக்களில் டெக் வாடகைக்கு எடுத்துவந்து விடிய விடியப் படம் பார்த்தவர்களுக்கு அந்தப் பெரிய விஎச்எஸ் கேசட் நினைவிருக்கும். 1988-ல் சோனியே விஎச்எஸ் கருவி விற்க இறங்கியது. மறு ஆண்டு கொலம்பியா பட நிறுவனத்தை வாங்கியது. படங்களைக் கையில் வைத்திருப்பவனுக்கே கருவிச் சந்தையும் வசப்படும் என்பதை அது புரிந்துகொண்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. இதே பீட்டாமேக்ஸ் கருவிக்காக யுனிவர்சலும் டிஸ்னியும் சோனி மீது 1976-ல் வழக்குத் தொடுத்தன. தொலைக்காட்சி நிகழ்ச்சியை வீட்டில் பதிந்துவைத்துப் பிறகு பார்ப்பது குற்றமல்ல என்று 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பார்வையாளரின் உரிமைக்காக அன்று நீதிமன்றம் ஏறிய நிறுவனம், இன்று படநிறுவனமாகவும் இருக்கிறது. டிஸ்னி இந்தப் போரில் அதன் தோழமை அணியில் இருந்தது.

இந்த மாற்றம் வட்டுக்குள்ளும் தெரிகிறது. நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இரண்டு வடிவங்களிலும் உண்டு. ப்ளூ-ரேயில் அதற்கு மேல் இன்னொரு பூட்டும் உண்டு. ஃபாக்ஸ் போன்ற நிறுவனங்களுக்கு அது பிடித்த அம்சம். அதைவிட நம்மைத் தொடுவது மண்டலக் குறியீடு. எச்டி டிவிடியில் அது இல்லை; எந்த நாட்டில் வாங்கிய வட்டும் எந்த நாட்டுக் கருவியிலும் ஓடும். ப்ளூ-ரேயோ உலகை மூன்றாகப் பிரித்திருக்கிறது. அமெரிக்காவும் ஜப்பானும் சிங்கப்பூர், மலேசியா உள்ளிட்ட தென்கிழக்காசியாவும் முதல் மண்டலம். ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் ஆஸ்திரேலியாவும் இரண்டாவது. இந்தியாவும் சீனாவும் ரஷியாவும் மூன்றாவது. பிள்ளைகள் ஒருவர் லண்டனிலும் ஒருவர் சிங்கப்பூரிலும் இருக்க, பெற்றோர் திருச்சியில் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். மண்டலக் குறியீடு போட்டு விற்ற ஒரு வட்டு அந்த மூன்று வீடுகளிலும் ஓடாது. விலை கொடுத்து வாங்கிய பொருளை அம்மா வீட்டுக்கு எடுத்துச் சென்று பார்க்க முடியாதென்றால், எதை வாங்கினோம் என்ற கேள்வி எழத்தானே செய்யும்?

இங்கே இது அப்போதைக்குப் பெரிய பிரச்னையாக இருக்கவில்லை என்பதும் உண்மை. 2008 தொடக்கத்தில் உயர் துல்லிய ஒளிபரப்பே நம்மிடம் வந்திருக்கவில்லை. மோசர் பேயர் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்ற அன்றைய சந்தையில், ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் ஒரு ப்ளூ-ரே வட்டை யார் வாங்கியிருப்பார்? ஆனால் நம் பெட்டிக்கடை வரை அது இறங்கிவரும் நாளில் விதிகள் எழுதி முடிக்கப்பட்டிருக்கும்.

வென்ற பக்கத்தில் முன்னதாகச் சேர்ந்தவர்களுக்கும் முழு நிம்மதி இல்லை. எச்டி டிவிடி கருவிகளில், படத்துக்குள் இன்னொரு படம் காட்டும் வசதியும் இணைய இணைப்பும் முதல் நாளிலிருந்தே கட்டாயம். ப்ளூ-ரேயில் முதலாவது 2007 நவம்பருக்குப் பிறகு அறிமுகமான கருவிகளுக்குத்தான் கட்டாயமானது. இணைய இணைப்பு விருப்பத்துக்கு விடப்பட்டது. 2006-ல் 1,000 டாலர் கொடுத்து முதல் ப்ளூ-ரே கருவியை வாங்கியவர் புதிய வட்டுகளில் படத்தைப் பார்க்கலாம். இந்த வசதிகளைப் பார்க்க முடியாது. அவருக்கும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

தோஷிபாவின் அறிவிப்புக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் மறுபடி அழைத்தான். அந்தக் கருவி பழைய டிவிடிகளை நன்றாகவே ஓட்டுகிறதாம். மனக்குறை ஒன்றுமில்லை என்றான். பதினைந்து படங்களைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. "இப்போது ப்ளூ-ரே வாங்கிவிடட்டுமா மாமா?" என்றான். கடையில் இருப்பவை பெரும்பாலும் பழைய வகை, இணைய இணைப்புள்ள கருவிகள் வரட்டும், விலையும் இறங்கட்டும், தீபாவளி வரை பொறு என்றேன். "போன தீபாவளிக்கே இதைச் சொல்லியிருக்கலாமே" என்று சிரித்தான்.