மைலேஜ் உயர்ந்தது, சேமிப்பு எங்கே போனது? சிறிய கார்களின் 40 ஆண்டுக் கணக்கு

திருவனந்தபுரம்: கிழக்கேகோட்டையில் பழவங்காடி கணபதி கோயிலிலிருந்து ஓவர்பிரிட்ஜ் வரையிலான தூரம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் சாலை சந்தைக்கு வருவோரும், பத்மநாபசுவாமி கோயில் பக்தர்களும், நகரப் பேருந்துகளும் ஒன்றுசேரும் மாலை வேளையில், இந்தத் தூரத்தைக் கடக்க கார்கள் பலமுறை நின்று நகர வேண்டியுள்ளது. லிட்டருக்கு 25 கி.மீ. என்று சான்றளிக்கப்பட்ட கார், இங்கு அதில் பாதியைத் தருவதும் கடினம். இந்த இடைவெளியே இந்தியச் சிறிய கார்களின் எரிபொருள் சிக்கனம் குறித்த விவாதத்தின் மையமாக உள்ளது.

மாருதி கொண்டுவந்த மாற்றம்

1980-களின் தொடக்கம் வரை இந்தியச் சாலைகளில் அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஆதிக்கம் செலுத்தின. சுமார் 1,500 சிசி எஞ்சின் கொண்ட அம்பாசிடர், லிட்டருக்கு 10 கி.மீ. தந்தாலே நல்ல மைலேஜ் என்று கருதப்பட்ட காலம் அது. 1983 டிசம்பரில் அறிமுகமான மாருதி 800 இந்தக் கணக்கை மாற்றியது. மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சின், சுமார் 650 கிலோ எடை ஆகியவற்றால் அது லிட்டருக்கு 16 கி.மீ.க்கு மேல் ஓடியது.

அடுத்த மாற்றம் எரிபொருள் செலுத்தும் முறையில் நிகழ்ந்தது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை ஆலையில் தயாரான ஹூண்டாய் சான்ட்ரோ, 1998-ல் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் இன்ஜெக்ஷன் முறையுடன் விற்பனைக்கு வந்தது. 2000-ல் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானதும் கார்புரேட்டர் கார்கள் படிப்படியாக விலகின. 2009-ல் வந்த டாடா நானோ, லிட்டருக்கு 23.6 கி.மீ. எனச் சான்று பெற்றது. 2021-ல் அறிமுகமான புதிய மாருதி செலேரியோவின் ஒரு வகை 26.68 கி.மீ.யை எட்டியது.

இடையே ஓர் இழப்பும் நேர்ந்தது. ஸ்விஃப்ட் டீசல் கார் லிட்டருக்கு 28.4 கி.மீ. எனச் சான்று பெற்றிருந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி அமலானபோது, சிறிய டீசல் எஞ்சின்களைத் தூய்மையாக்கும் செலவு கட்டுப்படியாகாததால் மாருதி டீசல் கார்களையே கைவிட்டது.

குறைந்துவரும் பலன்

மைலேஜ் எண் உயர்வதும் சேமிப்பு உயர்வதும் ஒன்றல்ல. மாதம் 1,000 கி.மீ. ஓட்டும் ஒருவருக்கு மைலேஜ் 10-லிருந்து 15 ஆக உயர்ந்தால் சுமார் 33 லிட்டர் பெட்ரோல் மிச்சமாகும். அதே 5 கி.மீ. உயர்வு, 20-லிருந்து 25 ஆக இருந்தால் மிச்சமாவது 10 லிட்டர் மட்டுமே. பெரிய சேமிப்பு முதல் தலைமுறை மாற்றத்திலேயே கிடைத்துவிட்டது.

அதன் பின்னர் கிடைத்த பலனில் ஒரு பகுதியை விலை உயர்வு விழுங்கியது. 2010 ஜூனில் பெட்ரோல் விலை மீதான அரசுக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. திருவனந்தபுரத்தில் 2021-ல் விலை லிட்டருக்கு 100 ரூபாயைத் தாண்டியது. 2023 ஏப்ரல் முதல் கேரள அரசு சமூகப் பாதுகாப்பு நிதிக்காக லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதல் வரி விதித்தது.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் மற்றொரு காரணி. பெட்ரோலைவிட எத்தனாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. இதற்கேற்பச் சீரமைக்கப்பட்ட கார்களில் 1 முதல் 2 சதவீதமும், மற்ற கார்களில் 3 முதல் 6 சதவீதமும் மைலேஜ் குறையலாம் என மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் தெரிவித்தது. லிட்டருக்கு 20 கி.மீ. தரும் பழைய காரில் மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால், இதனால் கூடுதலாகத் தேவைப்படும் பெட்ரோல் சுமார் 1.5 முதல் 3 லிட்டர்.

ஆய்வகமும் சாலையும்

இதுவரையிலான சான்றிதழ் எண்கள், ஆய்வகத்தில் உருளைகள் மீது காரை ஓட்டி, சுமார் 20 நிமிடம் நடத்தும் சோதனையில் பெறப்பட்டவை. அதிகபட்ச வேகம் மணிக்கு 90 கி.மீ.; குளிர்சாதனம் இயங்குவதில்லை. கேரளத்தின் வெயிலும் புழுக்கமும் அந்த அறையில் இல்லை. சிறிய பெட்ரோல் எஞ்சின், கார் நின்ற நிலையிலேயே இயங்கினால் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் வரை எரிக்கும். கிழக்கேகோட்டை நெரிசலில் 10 நிமிடம் நிற்பது, ஏறத்தாழ 2 கி.மீ. பயணத்துக்கான பெட்ரோலை வீணாக்குவதற்குச் சமம். குளிர்சாதனம் இயங்கினால் இழப்பு இன்னும் அதிகம்.

எடை சார்ந்த இலக்கு

2017 முதல் ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்களின் சராசரிக்கு அரசு வரம்பு விதித்து வருகிறது. முதல் கட்டத்தில் கி.மீ.க்கு 130 கிராமாக இருந்த கார்பன் டை ஆக்சைடு இலக்கு, 2022 ஏப்ரலில் 113 கிராமாகக் குறைந்தது. இது பெட்ரோலில் லிட்டருக்கு சுமார் 18 கி.மீ.யிலிருந்து 21 கி.மீ.க்கு உயர்வதற்கு ஈடானது. எனினும் இலக்கு காரின் எடையைப் பொறுத்தது. கனமான கார்களை விற்கும் நிறுவனத்துக்குத் தளர்வான வரம்பு; இலகுவான கார்களை விற்கும் நிறுவனத்துக்குக் கடுமையான வரம்பு. குறைவாக எரிபொருள் குடிக்கும் காருக்கே நெருக்கடி அதிகம் என்பது இதன் விளைவு.

2027 ஏப்ரலில் தொடங்கும் மூன்றாம் கட்டத்துக்காக எரிசக்தித் திறன் பணியகம் 2025 செப்டம்பரில் வெளியிட்ட வரைவு, 909 கிலோ வரை எடையுள்ள சிறிய பெட்ரோல் கார்களுக்கு 3 கிராம் சலுகை அளிக்க முன்மொழிந்தது. மாருதி சுசூகி இதை ஆதரித்தது. டாடா மோட்டார்ஸ் உள்ளிட்ட போட்டி நிறுவனங்கள், எடை அடிப்படையிலான சலுகை பாதுகாப்பு அம்சங்களைக் குறைக்கத் தூண்டும் என வாதிட்டன.

இரு தரப்பு வாதத்திலும் உண்மை உண்டு. காற்றுப்பைகளும் வலுவான உடற்கட்டமைப்பும் எடையைக் கூட்டுகின்றன. அவை உயிர் காப்பவை. அதேவேளை, விற்பனையாகும் பயணிகள் வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை பெரிய யுட்டிலிட்டி ரகங்களாக மாறியுள்ள நிலையில், எஞ்சின் நுட்பம் ஈட்டித்தந்த சிக்கனத்தின் ஒரு பகுதி கூடுதல் எடையைச் சுமப்பதிலேயே செலவாகிறது. சிறிய காரை விதி தாங்கிப்பிடிக்குமா என்பதைப் போலவே, அந்தக் கார் கிழக்கேகோட்டை போன்ற சந்திப்புகளில் நிற்காமல் நகர வழி செய்யப்படுமா என்பதும் உரிமையாளரின் பெட்ரோல் செலவைத் தீர்மானிக்கும்.