நள்ளிரவு... ஒரு கப் காபி... ஒரு ஜெபம்!

செமஸ்டர் வந்துட்டா போதும், கேம்பஸ்ல பக்தி பொங்கி வழியும்! ஹால் டிக்கெட்டில் விபூதி, பர்ஸுக்குள்ளே மாதா படம், ஹாஸ்டல் மொட்டைமாடியில் ஜெபக்கூட்டம்... எல்லா டிபார்ட்மென்ட்டும் கேட்கிறது ஒண்ணேதான். பேப்பர் ஈஸியா வரணும், அரியர் விழக் கூடாது! தப்பே இல்லைங்க, நானும் அந்த க்யூவில் நிற்கிற ஆள்தான். ஆனா, ஜெபம் பண்ணினா ‘விடுதலை’ கிடைக்கும்னு சர்ச்ல அடிக்கடி சொல்வாங்களே, அது என்ன? பிரச்னை காணாமப் போறதா? இல்லை, பிரச்னை அப்படியே நிற்க, நம்மளை அது பிடிச்சிருந்த பிடி மட்டும் விடுறதா?

இதுக்கு எனக்குக் கிடைச்ச நல்ல பதில், அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி நகரத்தில், ஒரு வீட்டு சமையலறையில் இருக்கு.

மார்ட்டின் லூதர் கிங். ஸ்கூல் புக்ல பார்த்த அதே ஆளுதான். 1956 ஜனவரியில் அவருக்கு 27 வயசு. நம்ம சீனியர் அண்ணன் மாதிரி! டாக்டர் பட்டம் வாங்கி முழுசா ஒரு வருஷம்கூட ஆகலை. அங்கே ஒரு பாப்டிஸ்ட் சபைக்குப் போதகர். வீட்டில் மனைவி கொரெட்டா, ரெண்டு மாசக் கைக்குழந்தை. பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு சீட் விட மறுத்த ரோஸா பார்க்ஸ் 1955 டிசம்பர் 1-ம் தேதி கைதானதும், கறுப்பின மக்கள் பஸ்ஸையே புறக்கணிச்சாங்க. அந்தப் போராட்டத்துக்கு இவர்தான் தலைவர். விளைவு? ஒரு நாளைக்கு 30, 40 மிரட்டல் போனும் கடிதமும்!

ஜனவரி 27 ராத்திரி மறுபடி போன். இந்த ஊருக்கு ஏன்டா வந்தோம்னு வருத்தப்படப் போறேன்னு ஒரு குரல். கிங்குக்குத் தூக்கம் போச்சு. சமையலறைக்குப் போய் காபி போட்டார். குடிக்கலை. கோழைன்னு பேர் வாங்காம இதிலிருந்து எப்படிக் கழண்டுக்கலாம்னு யோசிச்சார். ஆமா, அவரேதான் பின்னாடி இதை எழுதியிருக்கார்!

அவர் போதகர் வீட்டுப் பிள்ளை. அப்பாவும் போதகர், தாத்தாவும் போதகர். அதுவரைக்கும் அவர் விசுவாசம் ஒரு மாதிரி குடும்பச் சொத்து. பதின்மூணு வயசிலேயே ஞாயிறு பள்ளியில் இயேசு உயிர்த்தெழுந்ததைக் கேள்வி கேட்ட ஆளு வேற. அந்த ராத்திரி அப்பாவோ அட்லாண்டாவில். படிச்ச தத்துவம் எதுவும் கைகொடுக்கலை. மேஜைமேல தலை கவிழ்ந்து, சத்தமாவே ஜெபம் பண்ணினார். பெரிய வார்த்தை ஒண்ணும் இல்லை. எனக்குப் பயமா இருக்கு, பலமெல்லாம் தீர்ந்துபோச்சுன்னு ஒத்துக்கிட்டார். அவ்வளவுதான். நீதிக்காக நில்லு, நான் கூட இருக்கேன்னு உள்ளுக்குள்ளே ஒரு குரல் கேட்டதா சொன்னார். பயம் விட்டுப்போச்சு.

‘டென்ஷன்ல இருந்த மூளை தனக்குத்தானே பேசியிருக்கும் மச்சான்’னு சைக்காலஜி படிக்கிற ஃப்ரெண்ட் சொல்லலாம். இருக்கட்டும். இன்புட் கொடுத்தா அவுட்புட்டைப் பார்க்கிற ஜாதி நாங்க. அதனால அடுத்து என்ன நடந்துச்சுன்னு பார்ப்போம்.

மூணே நாள். ஜனவரி 30, கிங் ஒரு கூட்டத்தில் இருந்தப்போ வீட்டு வராந்தாவில் குண்டு வெடிச்சது. மனைவியும் குழந்தையும் தப்பிச்சாங்க. வாசலில் கொதிச்சுப்போன கூட்டம், சிலர் கையில் துப்பாக்கி. கிங் ஒரு வார்த்தை தப்பா விட்டிருந்தா ஊரே ரத்தமாயிருக்கும். அவரோ, ஆயுதத்தை வெச்சுட்டு வீட்டுக்குப் போங்க, எதிரியை நேசிங்கன்னு சொல்லி அனுப்பினார். அந்த நிதானம், மூணு ராத்திரிக்கு முன்னாடி கிடைச்சதுன்னு அவரே சொன்னார். பயம் பிடிச்சு ஆட்டுற ஆளால இப்படிப் பேச முடியுமா? நான் விடுதலைன்னு புரிஞ்சுக்கிறது இதைத்தான். மிரட்டினவன் மாறலை, குண்டும் நிக்கலை. ஆனா, இவரை வெறுக்க வைக்க அவங்களால முடியலை.

பைபிளில் பிலிப்பி ஜெயில் கதை ஞாபகம் இருக்கா? பவுலும் சீலாவும் நடுராத்திரியில் ஜெபம் பண்ணிப் பாட, பூகம்பம் வந்து கதவெல்லாம் திறந்துக்கும். அவங்க ஓட மாட்டாங்க. எனக்கென்னமோ, கதவு திறக்கிறதுக்கு முன்னாடியே அவங்க வெளியே வந்துட்டாங்கன்னுதான் தோணும்!

அதுக்காக, ஒரு ஜெபத்தோட எல்லாம் செட்டில்னு நினைச்சுடாதீங்க. குண்டு வெடிச்சதும் கிங் துப்பாக்கி லைசென்ஸுக்கு அப்ளை பண்ணினார், கிடைக்கலை. வீட்டில் இருந்ததையும் விட்டுடலாம்னு அவரும் கொரெட்டாவும் பேசி முடிவெடுத்தது அதுக்கப்புறம்தான். 381 நாள் போராட்டம் ஜெயிச்ச பிறகும், 1957 ஜனவரியில் ஒரு கூட்டத்தில் ஜெபம் பண்ணும்போதே உடைஞ்சுபோய் அழுதார். அதே ஜனவரி 27-ம் தேதி, சமையலறை ராத்திரிக்கு சரியா ஒரு வருஷம் கழிச்சு, அவர் வீட்டு வராந்தாவில் வெடிக்காத டைனமைட் குச்சிகள் கிடந்துச்சு. அன்னிக்கு ஞாயிற்றுக்கிழமை. கிங் சபைக்குப் போய், அந்த சமையலறைக் கதையைத்தான் பிரசங்கத்தில் சொன்னார்.