எட்ட இருப்பவனுக்கே எல்லாம் தெரியும்!

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து நான்கு இளைஞர்கள் சென்னை நேரு விளையாட்டரங்கில் கால்பந்து பார்க்கப் புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பொன்னேரி வரை பேருந்து, அங்கிருந்து மின்சார ரயில், சென்ட்ரலில் இறங்கிப் பெரியமேட்டுக்கு நடை. ஓர் இரவுத் தொழிலும் போயிற்று! மிஞ்சிய காசுக்கு அவர்கள் எந்த இடத்தை வாங்குவது? சின்னக் கேள்விதான். ஆனால் யார் எங்கே உட்காருவது என்ற கேள்வி இந்த நாட்டிலே என்றைக்குச் சின்னதாக இருந்தது?

டூரிங் கொட்டகைக் கணக்கு நாம் அறிந்தது. திரைக்கு அடியிலே தரை டிக்கட், பின்னே பெஞ்சு, அதற்கும் பின்னே நாற்காலி, கடைசியிலே சோபா. கழுத்துவலி ஏழைக்கு, காட்சி சீமானுக்கு! விளையாட்டரங்கிலே பொதுவாக இந்தக் கணக்கு தலைகீழ். ஆட்டக்காரனின் வியர்வை தெரியும் அருகாமைக்கு விலை அதிகம்; உச்சிப்படிக்கு மலிவு.

அந்த அருகாமையாவது உண்மையா? 1993-ல் திறக்கப்பட்ட நேரு அரங்கம் கால்பந்துக்கென்று மட்டுமே கட்டப்பட்டதன்று. அவ்வாண்டு நேரு கோப்பைக் கால்பந்து நடந்த அதே சென்னையிலே 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளும் நடந்தன. ஆகவே புல்வெளியைச் சுற்றி ஓடுபாதை வளைந்து கிடக்கிறது. முன்வரிசைக்காரன் எல்லைக்கோட்டுக்கு அருகே இருப்பதாக நினைத்துக் காசு கொடுக்கிறான். இருப்பதோ ஓடுபாதைக்கு அப்பால்! இருக்கையும் தாழ்வு. பந்து எதிர்ப்பக்கம் போய்விட்டால் அவனுக்குத் தெரிவது கால்களின் காடு. கோல் கம்பத்துக்குப் பின்னே ஓடுபாதை வளைவதால் அங்கே தூரம் இன்னும் கூடுதல்.

உச்சிப்படியிலே இருப்பவனைப் பாருங்கள். பதினொருவர் எப்படி அணிவகுத்திருக்கிறார்கள், எந்த இடம் காவலின்றிக் கிடக்கிறது, நெடும்பந்து யாரைத் தேடிப் போகிறது — அத்தனையும் அவனுக்குத் தெரியும். மீன்கூட்டம் போகும் போக்கை அறிய மீனவன் தண்ணீரிலே முகத்தைப் புதைத்தா பார்க்கிறான்? படகிலே எழுந்து நின்றல்லவா பார்க்கிறான்!

எனவே நம் யோசனை இது. மையக்கோட்டுக்கு நேரான உயர்ந்த விலை இடம் வேண்டாம். கோலுக்குப் பின்னால் முன்வரிசை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். நீளப் பக்கத்திலே, மூலைக் கொடிக்கும் மையக்கோட்டுக்கும் இடையே, கிடைக்கிற மட்டும் மேலே போங்கள். அதற்கும் காசு எட்டவில்லையென்றால் கோலுக்குப் பின்னே உச்சிப்படி.

'எட்டி நில்' என்று விரட்டப்பட்ட மக்களுக்கு, எட்ட இருந்தால்தான் முழு ஆட்டமும் தெரியும் என்ற செய்தி இனிக்கத்தான் செய்யும். ஆனால் பணம் அந்த இடத்தையும் விட்டுவைக்குமா? பிரேசில் நாட்டு மரக்கானா அரங்கிலே ஏழைகள் நின்று பார்த்த மலிவுப் பகுதியை 2005-ல் மூடிவிட்டார்கள். இங்கிலாந்திலே லிவர்பூல் சங்கம் 77 பவுனுக்கு ஒரு டிக்கட் என்று அறிவித்தது. 2016 பிப்ரவரியில், ஆட்டத்தின் 77-வது நிமிடத்தில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் எழுந்து வெளியேறினார்கள். அப்போது 2-0 என்று முன்னிலையில் இருந்த அணி, முடிவிலே 2-2 என்று நின்றது. அந்த விலையும் கைவிடப்பட்டது! 2026 உலகக் கோப்பைக்கோ, தேவை ஏற ஏற விலையும் ஏறும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஏலம் என்றால் என்னவென்று மீனவனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அவனிடம் வேறொரு முறையும் உண்டு. பழவேற்காட்டிலே அதற்குப் பெயர் 'பாடு'. ஏரியிலே வலைபோடும் இடங்களைச் சீட்டுப் போட்டு, முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். நல்ல துறை பணக்காரனுக்கே நிரந்தரம் என்பது அங்கே இல்லை. குறை இல்லாத முறையன்று அது. ஒரு சாதிக்குள்ளேயே உரிமை அடங்கி, ஒடுக்கப்பட்ட மக்கள் வெளியே நிறுத்தப்பட்ட கதையும் அதிலே இருக்கிறது. அந்த வேலியை வெட்டி எறிந்துவிட்டு, முறையை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன?

மக்கள் பணத்திலே எழுந்த அரங்கம் அது. ஆட்டம் நடத்த அதை யாருக்குக் கொடுத்தாலும், நீளப் பக்கத்து மேல்படிகளிலே ஒரு பகுதியை ஏறாத விலைக்கு ஒதுக்கி, கேட்பவர் அனைவருக்கும் சீட்டுக் குலுக்கிக் கொடுக்கச் சொல்லி நிபந்தனை போடலாம். விற்காமல் கிடக்கும் இடத்தைத் தருமம் செய்யச் சொல்லவில்லை நாம். நல்ல இடத்திலே பங்கு கேட்கிறோம்.

அதுவரை, புறப்படும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. மாலை ஆட்டம் முடிய இரவாகிவிடும். டிக்கட் வாங்குமுன், பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.